அங்க மொதல கெடையாதா?

போன வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முழுக்க நான் வெந்நீரில் கிடந்தேன். வேலை விஷயமாக மூன்று மாதம் சூரிச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது, கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "வால்ஸ் பார்க்காமப் போயிடாத" என்றாள். கூர் வரை ஒரு ரயில், இலான்ஸ் வரை இன்னொரு சின்ன ரயில், அதற்கப்புறம் மலையில் வளைந்து வளைந்து ஏறும் மஞ்சள் தபால் பஸ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஆல்ப்ஸ் கிராமம். அங்கே மலைச்சரிவுக்குள் பாதி புதைந்த மாதிரி ஒரு குளியலிடம். பூமிக்குள்ளிருந்து 30 டிகிரி சூட்டில் ஊறி வருகிற தண்ணீர்.

அந்த நாளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சாம்பல் நிறக் கல்லை மெல்லிய பலகைகளாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவர்கள். மேலே கூரையில் விட்ட நீளக் கீறல்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. ஒரு சிவப்பு அறையில் தண்ணீர் 42 டிகிரி; பெயர் நெருப்புக் குளியல். இன்னொன்றில் 14 டிகிரி. அது பனிக் குளியல். வெளியே திறந்த குளம். கழுத்தளவு வெந்நீரில் மல்லாந்து கிடந்தால் எதிரே மலை. காது தண்ணீருக்குள் போய்விட்டால் சத்தமே கிடையாது. கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

வாசலில் வாங்கிய அஞ்சலட்டையைப் போனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு பெண் நீரில் மிதக்கிறாள், சுற்றிலும் ஆவி, பின்னால் மலை. சித்தி மகன் அதை ஆயாவிடம் காட்டியிருக்கிறான். ஆயா போனைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். அவன் அதைக் குரல் பதிவாகவே அனுப்பிவிட்டான்.

"ஏண்டா, கண்ண மூடிக்கிட்டு கெடக்குறாளே… அங்க மொதல கெடையாதா?"

குழுவில் இருந்த எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். ராத்திரி அறைக்குத் திரும்பி, படுக்கையில் அந்தப் பதிவை மறுபடி கேட்டபோது சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த ராத்திரியில் ஆரம்பித்தது.

*

குமராட்சி தெரியாதவர்களுக்காக: சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிறது. ஒன்றியத் தலைநகரம் என்பதுதான் அதன் பெருமை. ஒரு பக்கம் வீராணம் ஏரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவில் கீழணையிலிருந்து வருகிற வடக்கு ராஜன் வாய்க்காலின் கிளைகள். நெல் ஊர். இங்கே தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சில ஆகஸ்ட்டில் மேட்டூர் நிரம்பி உபரியைத் திறந்துவிட்டால் கொள்ளிடக்கரைத் திட்டுக் கிராமங்களில் இடுப்பளவு தண்ணீர். 2018இல் பார்த்தோம், 2022இல் மறுபடி பார்த்தோம்.

கொள்ளிடத்துக்குப் பக்கத்திலேயே பழைய கொள்ளிடம் என்று ஒரு ஆறு இருக்கிறது. வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர் என்று அதன் கரையில் ஊர்கள். அந்த ஆற்றில் முதலைகள் இருக்கின்றன. நான்கு மீட்டர் வரை வளரக்கூடிய நன்னீர் முதலை. கோடையில் தண்ணீர் வற்றினால் மடுக்களில் ஒதுங்கும். மனிதர்கள் குளிக்கப் போவதும் அதே மடுக்களுக்குத்தான், தண்ணீர் அங்கேதானே நிற்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக வயலுக்கு வரும், குளத்துக்கு வரும், சில சமயம் வீட்டுக் கொல்லைக்கே வரும். தகவல் சொன்னால் வனத்துறை வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடும். சிதம்பரம் பதிப்புச் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தியின் வார்த்தைகள்கூட மனப்பாடம். "ஊருக்குள் புகுந்த முதலை பிடிபட்டது." ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை அந்தச் செய்தியின் இன்னொரு வடிவம் வரும். "ஆற்றில் குளிக்கச் சென்றவரை…" மீதியை எழுத வேண்டாம்.

ஆயா இந்த ஆற்றில் அறுபது வருஷம் குளித்தவள். அவளுக்கு ஒரு முறை இருந்தது. இறங்குவதற்கு முன் தண்ணீரில் நாலு கல் எறிவாள். முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டாள். சொம்பில் மொண்டுதான் ஊற்றிக்கொள்வாள், முங்க மாட்டாள். தனியாகப் போக மாட்டாள். "ஒருத்தி குளிச்சா ஒருத்தி தண்ணியப் பாக்கணும்" என்பாள். சின்னப் பிள்ளையில் அந்தத் தண்ணீர் பார்க்கிற வேலை எனக்கு. கரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஆகாயத்தாமரை அசைகிறதா, மரக்கட்டை மாதிரி எதாவது மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். சோப்புப் போடும்போதுகூட ஆயா கண்ணை மூட மாட்டாள். முகத்துக்குச் சோப்புப் போடுகிறதென்றால் கரையேறி வந்து போடுவாள்.

இப்போது அவள் கேள்வியை மறுபடி படியுங்கள். வெந்நீர், மலை, ஆவி எதுவும் அவள் கண்ணில் படவில்லை. தண்ணீரில் ஒரு பெண் கண்ணை மூடியிருப்பது மட்டும்தான் பட்டது.

*

நம் இணைய இதழ்களில் குளியல் பற்றிய கட்டுரைகள் இரண்டு ஜாதி. இரண்டையும் நான் விரும்பிப் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டு எழுதியும் பார்த்திருக்கிறேன், அதனால் உரிமையோடு திட்டலாம்.

முதல் ஜாதி பயணக் கட்டுரை. புடாபெஸ்ட், ஐஸ்லாந்து, ஜப்பான், ஏதோ ஒரு ஆல்ப்ஸ் ஊர். எழுத்தாளர் வெந்நீரில் இறங்குகிறார். உடம்பு தளர்கிறது. மனம் தளர்கிறது. மூன்றாவது பத்தியில் மௌனம் பற்றி ஒரு வாக்கியம். கடைசியில் பெருமூச்சு: "நம் ஊரில் ஏன் இதெல்லாம் இல்லை?" கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேட அவர் ஒரு பத்திகூட செலவழிப்பதில்லை. நம் மக்களுக்கு ரசனை இல்லை, சுத்தம் இல்லை, வரிசையில் நிற்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது ஜாதி ஊர்நினைவுக் கட்டுரை. "எங்கள் ஆற்றை விடவா உங்கள் ஸ்பா?" பம்புசெட்டுத் தொட்டி, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய் வாசம், படித்துறை, தூண்டில், அம்மாவின் மஞ்சள் முகம். படிக்கும்போது கண் கலங்கும். எழுதியவர் பெரும்பாலும் ஆண், சென்னையில் இருக்கிறார், ஷவரில் குளிக்கிறார். அவருடைய ஆற்றில் முதலை இல்லை. அவருடைய படித்துறையில் ஜாதி இல்லை. அவருடைய ஆற்றங்கரையில் ஈரப் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பாலத்து மேல் பைக்கை நிறுத்திப் பார்க்கிறவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, இரண்டு நிமிஷத்தில் குளித்து முடிக்கிற பெண்ணும் இல்லை.

ஒருவர் ஆல்ப்ஸைப் பார்த்து ஏங்குகிறார், ஒருவர் ஆற்றைப் பார்த்து ஏங்குகிறார். இருவரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். குளியல் என்பது இயற்கை தருவது என்று நம்புகிறார்கள். அவர்களுக்கு மலை கொடுத்தது, நமக்கு ஆறு கொடுத்தது. யார் முடிவெடுத்தார்கள், யார் காசு போட்டார்கள், யார் வேலி கட்டினார்கள், யாரை உள்ளே விட்டார்கள் என்ற கேள்விகள் இரண்டிலும் வராது. எனக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியம்.

*

வால்ஸ் கதையைச் சொல்கிறேன். நம் பயணக் கட்டுரைகளில் இது வருவதில்லை.

அந்த ஊர் பணக்கார ஊராகப் பிறக்கவில்லை. மாடு மேய்க்கிற மலைக்கிராமம். 1960களில் ஒரு வெளியாள் வந்து ஊற்றுக்குப் பக்கத்தில் பெரிய ஹோட்டல் கட்டடங்களை எழுப்பினார். தொழில் திவாலானது. 1983இல் அந்தக் கட்டடங்களை வாங்கியது யார் தெரியுமா? ஊர். நம் பாஷையில் சொன்னால் ஊராட்சி. ஆயிரம் பேர் கொண்ட ஒரு பஞ்சாயத்து, திவாலான ஐந்து ஹோட்டல் கட்டடங்களைப் பொதுப்பணத்தில் வாங்கியது. பிறகு, பழசை ஒட்டுப்போட்டு ஓட்டாமல், புதுக் குளியலிடம் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். பக்கத்து நகரத்துக்காரரான பீட்டர் சும்தோர் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் அப்போது உலகப் புகழ் பெற்றவர் இல்லை, தச்சர் மகன். கல்லை வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை. அதே பள்ளத்தாக்கில் வெட்டுகிற குவார்ட்சைட் கல், அறுபதாயிரம் பலகைகள். 1996இல் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

அதாவது நான் கண்ணை மூடிக் கிடந்த அந்த நிம்மதி ஒரு கிராமசபைத் தீர்மானத்தில் ஆரம்பித்தது. யாரோ எழுந்து "இதுக்கெல்லாம் காசு ஏது?" என்று கேட்டிருப்பார்கள், யாரோ பதில் சொல்லியிருப்பார்கள், கை தூக்கியிருப்பார்கள். ஆவிக்கும் மௌனத்துக்கும் அடியில் இருப்பது அந்தக் கைகள்தான்.

1983 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். அதே வருஷம் ஜூலையில்தான் இலங்கையில் தமிழர்களை வெட்டிக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஈழத் தமிழர்கள் சுவிட்சர்லாந்துக்கு ஓடிவந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். சூரிச்சில் அப்படி வந்த ஒருவர் வீட்டில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. திருகோணமலைக்காரர். வால்ஸ் போய் வந்த கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கட கன்னியாவில ஏழு கிணறு பிள்ள. ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு. அம்மாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு அங்கதான் வாளியால அள்ளிக் குளிச்சனாங்கள்" என்றார்.

தமிழர்கள் வாழும் மண்ணில் வெந்நீர் ஊற்று எங்கே என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது கன்னியாவைத்தான். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது கதை. அங்கே யாரும் ஓய்வெடுக்கப் போவதில்லை. செத்தவர்களுக்காகக் குளிக்கப் போகிறார்கள். அந்த இடமே இன்று யாருடையது என்ற சண்டையில் இருக்கிறது. தொல்லியல், புத்த விகாரை, பிள்ளையார் கோயில், வழக்கு. 2019 ஜூலையில் தமிழர்கள் அங்கே கூடி உரிமை கேட்டுப் போராடினார்கள். ஒரு வெந்நீர் ஊற்று ஓர் ஊருக்கு வருமானமாகிறது, இன்னோர் ஊருக்கு வழக்காகிறது. தண்ணீர் இரண்டிடத்திலும் வெந்நீர்தான்.

*

இப்போது ஊருக்கு வருகிறேன்.

வால்ஸில் நெருப்புக் குளியல் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சிதம்பரம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நெருப்புக் குளியல் என்றால் ஒரே ஒரு ஆள்தான். நந்தன். கொள்ளிடக்கரை ஆதனூர்க்காரன். தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே காலம் தள்ளிய பண்ணையாள். போனபோது அவனை அப்படியே உள்ளே விட முடியாது, நெருப்பில் இறங்கிச் சுத்தமாகி வா என்று வேள்வித்தீ மூட்டிக் கொடுத்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. பக்தியின் உச்சம் என்று அதைப் பாடுகிறவர்கள் பாடட்டும். எனக்கு அது நம் வட்டாரத்தில் பதிவான முதல் குளியல் சட்டம். யார் எந்தத் தண்ணீரில் இறங்கலாம், யாருக்குத் தண்ணீர் போதாது, தீதான் வேண்டும் என்று சொல்கிற சட்டம்.

அந்தச் சட்டத்தை எழுத்தில் உடைத்தது 1924. அந்த வருஷம் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால்தான், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1927 மார்ச் 20ஆம் தேதி, மகாட் ஊரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். நூறு வருஷம் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். நூறு வருஷத்துக்கு இடையில் தண்ணீர் பற்றி நாம் கற்றுக்கொண்டது எவ்வளவு என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

படித்துறை என்று ஊர்நினைவுக் கட்டுரையில் வருகிற அழகான சொல்லைப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஆற்றின் மேல்பக்கம் கருங்கல் படித்துறை. கீழ்பக்கம் காலனிக்காரர்கள் இறங்குகிற இடம்; அங்கே படி கிடையாது, சறுக்குகிற மண் கரை. சட்டப்படி யாரும் எங்கேயும் குளிக்கலாம். ஆனால் யார் எங்கே குளிக்கிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண் கரையில்தான் முதலை ஏறும். அதுதான் பொந்து தோண்டுவதும், வெயில் காய்வதும் மண் கரையில்தான். கருங்கல் படியில் அதற்கு வேலை இல்லை. முதலைக்கு ஜாதி தெரியாது, நமக்குத் தெரியும்; அதற்கு வசதியான இடத்தில் யாரை இறக்கிவிடுவது என்பதை நாம்தான் முடிவு செய்திருக்கிறோம்.

*

இதைச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு, இன்னும் ஏன் ஆத்துக்குப் போறாங்க?" குழாய் வந்தது நல்லது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம்தான் வரும். ஒரு வீட்டுத் துணி, நடவுக்குப் போய்விட்டு வந்த உடம்பின் சேறு, மாடு, பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் நாலு குடம் போதுமா? அதை விடுங்கள். தேவைக்காகத்தான் ஏழைகள் குளிக்க வேண்டுமா? சந்தோஷத்துக்காகக் குளித்தால் என்ன? ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுச்சேரி ரிசார்ட்டில் நீச்சல்குளத்தில் கிடப்பவரிடம் "உங்க வீட்ல குழாய் இல்லையா சார்?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

"முதலை அங்கதான் முன்னாடியே இருந்தது, மனுஷன்தான் போய் ஆக்கிரமிச்சான்." பாதி ஒத்துக்கொள்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம். அதைக் கொல்லச் சொல்லி நான் எழுதவில்லை. ஆயாவே சொல்ல மாட்டாள். "அது பாட்டுக்கு அது கெடக்கு, பசிச்சா வருது" என்பாள். முதலைக்கு நல்லது நினைக்கிறவர்கள்தான் மனிதர்கள் குளிக்க வேறு பத்திரமான இடத்தை முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கரையில் கூடுகிற கோபம் கடைசியில் அந்தப் பிராணி மேல்தான் இறங்கும். எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டோம் என்பது பதில் ஆகாது. பலகை யாரையும் காப்பாற்றுவதில்லை. இழுத்துக்கொண்டு போன பிறகு "சொன்னோமே" என்று சொல்லத்தான் உதவும்.

"குமராட்சி மாதிரி ஊருக்கு ஆல்ப்ஸ் ஸ்பா எல்லாம் கட்டுபடியாகுமா?" நான் ஸ்பா கேட்கவில்லை. இலங்கைக்குப் போங்கள். மாத்தறையில் நில்வளா கங்கை ஓடுகிறது. அதிலும் முதலை, அங்கேயும் மக்கள் ஆற்றில்தான் குளிக்கிறார்கள். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் மரக்கம்புகளை நெருக்கமாக நட்டு ஒரு வேலி அடைக்கிறார்கள். நீர் உள்ளே வரும், முதலை வராது. சிங்களத்தில் கிம்புல் கொட்டுவ என்று பெயர். முதலைக் கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இறங்கிக் குளிக்கிறார்கள். கம்பு இற்றுப்போனால் மாற்ற வேண்டும், வெள்ளம் வந்தால் மறுபடி கட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அதுவே ஆபத்து. அவ்வளவுதான் தொழில்நுட்பம். கட்டுவதற்கு சும்தோர் தேவையில்லை, கொத்தனாரும் வெல்டரும் போதும்.

"அரசாங்கத்தால பொதுக் குளியல் இடத்த ஒழுங்கா நடத்த முடியாது." குற்றாலம் என்ன? கம்பித் தடுப்பு, பெண்களுக்குத் தனிப்பக்கம், உடை மாற்ற இடம், தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை, காவலுக்குப் போலீஸ். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூலிக்காரரும் டாக்டரும் ஒரே அருவிக்குக் கீழே நிற்கிறார்கள். அங்கே தவறே நடப்பதில்லை என்று சொல்லவில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப்போனது. ஆனால் அங்கே ஒரு சாவு நடந்தால் "எச்சரிக்கை என்ன ஆச்சு? தடுப்பு என்ன ஆச்சு?" என்று மாநிலமே கேட்கிறது. பழைய கொள்ளிடத்தில் நடந்தால் "அந்தாளு ஏன் அங்க போனான்?" என்று கேட்கிறது. முதல் கேள்வி அரசைப் பார்த்து, இரண்டாவது கேள்வி செத்தவரைப் பார்த்து. சுற்றுலா வருகிறவர்களின் குளியல் பொதுப் பிரச்சனை, ஊர்க்காரர்களின் குளியல் அவரவர் தலைவிதி.

"காசு?" இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்வேன். வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகிற திட்டம். பெரிய பெரிய இரும்புக் குழாய்கள், பம்பு நிலையங்கள், சுத்திகரிப்பு நிலையம். தேவைதான், சென்னையும் குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும். நானே அங்கே நாலு வருஷம் அந்தத் தண்ணீரில் குளித்தவள். ஆனால் இந்த மண்ணின் தண்ணீரை அவ்வளவு தூரம் பத்திரமாக இன்னொருவர் குளியலறைக்குக் கொண்டுபோகத் தெரிந்த ஓர் அரசுக்கு, அதே மண்ணின் கரையில் இருபது அடிக்கு இருபது அடி கம்பிவேலி போடக் காசில்லை என்றால், பிரச்சனை காசு இல்லை. யாருடைய உடம்பு கணக்கில் வருகிறது என்பதுதான்.

*

வால்ஸை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன், மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் அந்த ஊர் கூடி, தாங்களே கட்டிய குளியலிடத்தை ஹோட்டலோடு சேர்த்து ஒரு தனியார் முதலீட்டாளருக்கு விற்க ஓட்டுப் போட்டது. கட்டிய சும்தோர் எதிர்த்தார். தானும் சிலரோடு சேர்ந்து அதை ஊர்ச்சொத்தாக வைத்துக்கொள்ள ஒரு யோசனை சொன்னார், தோற்றார். ஊர்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய தொகைப் பக்கம் கை தூக்கினார்கள். இப்போது அதன் பெயர் 7132. ஊரின் தபால் குறியீட்டு எண். சொகுசு ஹோட்டல். அன்று நான் கொடுத்த நுழைவுக் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்து, வெந்நீரிலேயே ஒரு நிமிஷம் வியர்த்தேன். அதே பள்ளத்தாக்கில் பாட்டிலில் அடைக்கிற ஊற்றுத் தண்ணீரை 2002இல் கோக்கோ கோலா வாங்கிவிட்டது.

கிராமசபை கட்டவும் செய்யும், விற்கவும் செய்யும். அதனால் அதில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராமசபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குத் தண்ணீர் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? நான் எழுதி வைத்திருக்கிற தீர்மானம் நாலு வரிதான். பழைய கொள்ளிடக்கரை ஊர் ஒவ்வொன்றிலும் குளிக்கிற இடத்துக்கு வேலி. காலனி இறங்குகிற இடத்திலிருந்து வேலை ஆரம்பிக்க வேண்டும். பெண்களுக்குத் தட்டி கட்டிய உடை மாற்றும் அறை. வருஷா வருஷம் வெள்ளம் வடிந்ததும் வேலியைப் பார்த்துச் சரிசெய்ய ஊராட்சிக் கணக்கில் ஒரு தொகை.

உடை மாற்றும் அறையை ஏன் சேர்த்தேன் என்றால், வால்ஸில் எனக்குப் பெரிய அதிசயம் நெருப்புக் குளியல் இல்லை. நீச்சலுடை வாங்க சூரிச்சில் மூன்று கடை ஏறி இறங்கினேன். வாழ்க்கையில் முதல் நீச்சலுடை. அதைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வர கால்மணி நேரம் ஆனது. வந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை! தண்ணீரில் கண்ணை மூட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயாவுக்கு முதலையை மட்டும்தான் பார்க்க வேண்டியிருந்தது என்று நான் நினைத்திருந்தேன். கரையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீரை மட்டுமா என்று இப்போது யோசிக்கிறேன். "பாலத்துல எவனாச்சும் நிக்கிறானா பாரு" என்றும் அவள் சொல்வாளே.

அடுத்த தடவை ஏதோ ஒரு மலையூரில் வெந்நீரில் கிடந்துவிட்டு வந்து நீங்கள் கட்டுரை எழுதும்போது, தாராளமாக எழுதுங்கள். ஆவியையும் மௌனத்தையும் எழுதுங்கள். ஓய்வு கெட்ட வார்த்தை இல்லை. ஒரு நாள் சும்மா கிடக்க எல்லா உடம்புக்கும் உரிமை உண்டு. கூடவே இரண்டு வரி சேருங்கள். இதை யார் கட்டினார்கள், யார் உள்ளே வர முடியவில்லை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஊர் திரும்பி மூன்றாம் நாள் ஆயாவைப் பார்க்கப் போனேன். இப்போதெல்லாம் அவள் ஆற்றுக்குப் போவதில்லை. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குளியலறை, பிளாஸ்டிக் பக்கெட். முட்டிவலிக்கு அங்கே குனிந்து மொள்ளவே சிரமம். சுவிஸ் சாக்லேட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே கண்ண மூடிக்கிட்டா கெடந்த?"

"ஆமா ஆயா."

"எத்தினி நேரம்?"

"ஒரு பத்து நிமிசம் இருக்கும்" என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சொல்ல மனசு வரவில்லை.

பத்து நிமிஷத்தையே அவள் நம்பவில்லை. "யாரு தண்ணியப் பாத்துக்கிட்டா?" என்றாள்.